விவிலியத் தமிழும் சைவ நூற்சொற்களும்

தென்பெண்ணைக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட நிலம் சைவ சித்தாந்தத்தின் தாய்நிலம் எனப்படும் தகுதியுடையது. மெய்கண்டதேவர் அவதரித்த திருப்பெண்ணாகடமும், அவர் உபதேசித்தருளிய திருவெண்ணெய்நல்லூரும், அருணந்தி சிவாசாரியர் வாழ்ந்த திருத்துறையூரும், உமாபதி சிவாசாரியர் உறைந்த தில்லைக் கொற்றவன்குடியும் இந்நிலத்தனவே. பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளை ஆராய்ந்து, ஒவ்வொரு சொல்லும் எப்பொருளளவில் நிற்கும் என்று வரம்பு கட்டிய ஆசிரியர்கள் இங்கே இருந்தனர். அவ்வரம்பு கட்டப்பட்டுச் சில நூற்றாண்டுகள் கழிந்தபின், அந்நிலத்தின் கடற்கரையை ஒட்டியே, வேறொரு சமயத்தார் தம் திருநூலைத் தமிழில் ஆக்கத் தொடங்கினர். தரங்கம்பாடியில் 1706 இல் இறங்கிய சீகன்பால்கு ஐயர் முதல்வர். கடலூரில் 1737 இல் அவர் வழியினரது பணி நிலைகொண்டது. கீர்நாந்தர் ஐயர் 1740 முதல் 1758 வரை அங்கிருந்தார். வரம்பு கட்டிய வயலில் வேற்று விதை விழுந்தது எனின், அது விளைந்தவாறு யாது என்று பார்த்தல் சைவர் கடனேயாம்.

இவ்வாராய்ச்சியைப் பெரும்பாலும் சைவர் மேற்கொண்டிலர். பாதிரித் தமிழ் என்று நகைத்து விடுத்தவர் பலர். நகைத்தல் ஆராய்ச்சியாகாது. அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியார்ப் பரபக்கத்துள் உலகாயதன் முதற் பாஞ்சராத்திரி ஈறாகப் பதினால்வர் கொள்கைகளை மறுக்கின்றார். மறுக்குமுன் ஒவ்வொருவர் கொள்கையையும் அவரவரே ஒப்பும் வண்ணம் எடுத்துரைக்கின்றார். பிறர் கூற்றைப் பிழைபடக் கொண்டு மறுப்பது தன் நிழலோடு போர்செய்வதாம். ஆதலின் விவிலியத் தமிழை ஆராயப் புகுவோன், அம்மொழிபெயர்ப்பாளர்க்கு எதிர்ப்பட்ட இடர் இன்னதென முதற்கண் உணர்தல் வேண்டும்.

இடர்களுள் தலையாயது இறைவன் பெயர். சீகன்பால்கு ஐயர் தமக்கு முன்னிருந்த உரோமைச் சபையார் வழக்கைத் தழுவிச் சருவேசுரன் என்றார். பின்வந்த பப்பிரீசியுசு ஐயர் பராபரன் என்றார். 1871 இல் பவர் ஐயரைத் தலைவராகக் கொண்ட குழுவினர் பல சபைகளுக்கும் பொதுவாக வெளியிட்ட பதிப்புத் தேவன் என்றது. இருபதாம் நூற்றாண்டில் லார்சன் ஐயர் திருத்திய பதிப்புக் கடவுள் என்றது. 1995 இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியமும் கடவுள் என்றே கொண்டது. ஆயினும் 1871 ஆம் ஆண்டுப் பதிப்பே சீர்திருத்தச் சபைகளின் வழிபாட்டில் இன்றும் பயில்கின்றது. ஒரு நூல், ஒரு மொழி, ஒரு பொருள், பெயரோ நான்கு. இத்தடுமாற்றம் தமிழின் வறுமையால் வந்ததன்று, வளத்தால் வந்தது. ஒவ்வொரு சொல்லினுள்ளும் முன்னமே ஒருவர் குடியிருந்தார்.

சருவேசுரன் என்பது எல்லாவற்றுக்கும் ஈசுவரன் எனப் பொருள்படும் வடசொல். ஈசுவரன் என்ற அளவிலே சைவன் செவி சிவபெருமானையே கேட்கும். பராபரன் என்பது பரமும் அபரமுமாய் நிற்பவன் எனப் பொருள்பட்டுச் சிறந்து நிற்பதாயினும், அதற்குப் பன்மை வழக்கு இல்லை. எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் மெய்யான இறைவனையும் பிறர் வணங்கும் தெய்வங்களையும் ஒரே சொல்லாற் சுட்டும் இடங்கள் உள. அவ்விடங்களில் பராபரர்கள் என்று எழுதுதல் தமிழாகாது. தேவன், தேவர்கள் என்னும் வழக்கு இவ்விடரை நீக்கும். இஃது அம்மாற்றத்திற்குச் சார்பாகச் சொல்லத்தக்க வலிய நியாயமேயாம்.

எனினும் சித்தாந்தம் கற்றான் ஒருவன் தேவன் என்னும் சொல்லை எவ்வாறு கொள்வான்? இந்திரன் முதலிய தேவர் எல்லாம் மும்மலமுடைய சகலர், பிறந்து இறப்பவர், புண்ணியம் தேய்ந்தவிடத்து மீண்டும் வீழ்பவர். ஆகவே தேவன் என்பது பசுவருக்கத்துள் ஒருவனைக் குறிக்கும் பெயர். உலகமெல்லாம் படைத்தான் ஒருவனை இப்பெயரால் அழைத்தால், மொழிபெயர்த்தவர் தம் இறைவனை அறியாமலே பசுக்களின் வரிசையில் இருத்தியவராகின்றார். மகாதேவன், தேவதேவன் எனச் சிவபெருமானுக்கும் பெயர் வழங்குதலின் இக்குற்றம் முழுக்குற்றமன்று என்று சொல்வாரும் உளர். அப்பெயர்களில் மகா என்னும் அடையும், தேவர்க்குத் தேவன் என்னும் தொகையுமே வேறுபாடு காட்டி நிற்பன. அடை நீங்கின் வேறுபாடும் நீங்கும். கடவுள் என்னும் சொல்லோ, எல்லாவற்றையும் கடந்து நிற்றலும் எல்லாவற்றினுள்ளும் நிற்றலும் ஒருங்கே தோன்றப் பொருள் கொள்ள இடந்தருவது. அச்சொல்லை அடைய அவர்க்கு இரு நூற்றாண்டுக்கு மேல் சென்றது.

யோவான் எழுதிய நற்செய்தியின் தொடக்கத்தில் நிற்கும் ஒரு சொல் இதனினும் நுணுக்கமான ஆராய்ச்சிக்கு உரியது. கிரேக்கத்தில் அச்சொல் சொல், காரணம், அறிவு என்னும் பல பொருளையும் தாங்குவது. அதுவே கடவுளாக இருந்தது என்பது அந்நூலின் கருத்து. 1871 ஆம் ஆண்டுப் பதிப்பு அதனை வார்த்தை என்றது. 1995 ஆம் ஆண்டுப் பதிப்பு வாக்கு என்றது. பின்னையதே செந்தமிழ் எனப் பலரும் மகிழ்வர். சித்தாந்த நூல்வழி நோக்கின் செய்தி வேறாகின்றது. சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என வாக்கு நால்வகைப்படும்; இந்நான்கும் சுத்தமாயையின் காரியம்; மாயையின் காரியமாதலின் சடம். வாக்கே கடவுள் எனக் கேட்கும் சித்தாந்திக்குச் சடப்பொருள் ஒன்றனைப் பதியாகக் கூறும் சத்தப்பிரமவாதியின் குரலே நினைவுக்கு வரும். அவ்வாதியோ அருணந்தி சிவாசாரியராற் பரபக்கத்துள் மறுக்கப்பட்ட பதினால்வருள் ஒருவன். வார்த்தை என்னும் பழஞ்சொல் இவ்விடரினின்றும் தப்பியது. ஏனெனின் அதனை எந்தத் தத்துவ நூலும் கட்டளைச் சொல்லாகக் கொண்டிலது. ஆயின் அது சந்தையிலும் திண்ணையிலும் திரியும் எளிய சொல். எளிமையால் தப்பியது, எளிமையாலேயே பெருமை குன்றியது. இவ்விரண்டில் எது மேல் என்று ஒருதலையாகச் சொல்லல் அரிது. செந்தமிழாக்கும் ஆர்வம் ஒன்றே போதாது, சொல்லின் சாத்திரப் பொருளையும் அறிதல் வேண்டும் என்பதற்கு இதனின் நல்ல எடுத்துக்காட்டு வேறில்லை.

திருமுழுக்கு என்பதும் அவ்வாறே. ஞானஸ்நானம் என்னும் பழைய சொல், நீராட்டுச் சடங்கு ஒன்றனுக்குச் சரியை, கிரியை, யோகங்களுக்கு மேலாகிய ஞானத்தின் பெயரைச் சூட்டியது. அதனை நீக்கித் திருமுழுக்கு என்றார் பின்னோர். அதுவோ திருக்கோயிலில் மூர்த்திக்குச் செய்யும் அபிடேகத்தின் தமிழ்ப்பெயர். வடசொல்லை விலக்கினால் சைவத்தை விலக்கினவாறாகும் என்று எண்ணினர் போலும். வாயிற்படியில் நின்றவர் கருவறைக்குள் வந்தனர். கிருபை அருளாயிற்று, அருளோ சித்தாந்தத்திற் சிவசத்தியின் பெயர். வேதாகமம் என்னும் பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. வேதமும் ஆகமமும் சைவத்தின் இரு கண்கள். அவ்விரண்டையும் ஒரு தொகைச்சொல்லாக்கித் தம் நூலுக்குப் பெயராக இட்டுக்கொண்டமை, கொண்டவர் எளியராயிருந்தும் கொடுத்தவர் பெருஞ்செல்வராயிருந்தமையைக் காட்டும்.

எடுத்த சொற்களையே எண்ணுதல் முறையன்று. எடாது விட்டவற்றையும் எண்ணுதல் வேண்டும். மலம் என்னும் சொல்லை அவர் பாவத்துக்கு ஈடாக எடுத்தாளவில்லை. ஆதாமின் செயலால் வந்த பாவத்துக்குத் தொடக்கம் உண்டு. ஆணவமலம் ஒருவராலும் செய்யப்படாதது, அநாதியே உயிரைப் பற்றி நிற்பது. இரண்டும் ஒன்றெனக் காட்டியிருப்பின் கேட்பார் மயங்கியிருப்பர். அம்மயக்கத்தை விளைக்காமல் விட்டது அவர் நேர்மைக்கும், அவர்க்குத் துணைநின்ற பண்டிதர்களின் நுண்ணுணர்வுக்கும் சான்றாகும்.

அப்பண்டிதர்களைப் பற்றிய பேச்சு அருகியே கேட்கப்படுகின்றது. சீகன்பால்கு ஐயர் திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு மணலில் இருந்து விரலால் எழுதிக் கற்றார். கற்பித்தவர் முதிய தமிழாசிரியர். அவ்வையர் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்களைத் திரட்டி 1708 இல் அவற்றுக்கு அட்டவணை எழுதினார். தமிழர் தெய்வங்களைப் பற்றி 1713 இல் பெருநூல் ஒன்றும் எழுதினார். ஆலே நகரத்து மேலோர் அதனை அச்சிட மறுத்தனர்; அஞ்ஞானத்தை வேரறுக்க அனுப்பப்பட்டவர் அஞ்ஞானத்தை ஐரோப்பாவிற் பரப்புவதோ என்பது அவர் கருத்து. அந்நூல் 1867 இலேதான் சென்னையில் அச்சேறிற்று.

இத்துணைவருள் தலைசிறந்தவர் ஆறுமுக நாவலர். யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியாரின் பாடசாலையில் ஆசிரியராயிருந்து, அவர் செய்த விவிலிய மொழிபெயர்ப்புக்கு இளமையிலேயே துணைநின்றார். அது சென்னையில் மழவை மகாலிங்கையர் பார்வைக்கு வைக்கப்பட்டுப் பாராட்டுப் பெற்றது என்பது நாவலர் சரித்திரங்களில் வழங்கும் செய்தி. 1850 இல் அச்சான அப்பதிப்பு பேர்சிவல் பெயராலேயே வழங்குகின்றது. சபையார் அதனைப் பொதுப்பதிப்பாக ஏற்றுக்கொள்ளவுமில்லை. சைவர் இச்செய்தியை நாவலரது தமிழ்ப்புலமைக்குப் பெருமையாகக் கூறுவர். பரசமய நூலுக்கு உழைத்தார் என்பதை நினைந்து சிறிது நாணுவாரும் உளர். இரண்டும் செய்தியின் உட்பொருளைத் தொடாதன.

உழைப்பின் பயன் யாதாயிற்று? 1847 ஆம் ஆண்டின் இறுதி நாளில் நாவலர் வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிற் சைவப்பிரசங்கம் தொடங்கினார். அடுத்த ஆண்டிற் பாதிரியாரை விட்டு நீங்கிச் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1854 இற் சைவதூஷண பரிகாரம் வெளிவந்தது. கோயில், பலிபீடம், தீபம், தூபம், நைவேத்தியம் என்று சைவக் கிரியைகளைப் பழித்தவர்க்கு, அவர்தம் பழைய ஏற்பாட்டிலிருந்தே எருசலேம் ஆலயத்தின் கிரியைகளை இடஞ்சுட்டி எடுத்துக்காட்டினார். சொல்தோறும் எடையிட்டு மொழிபெயர்த்த கையன்றி வேறு கை அதனைச் செய்திருக்க இயலாது. பாதிரியார்க்கு அவர் பிழைபட்ட தமிழைக் கொடுத்தாரல்லர். திரித்த பொருளைக் கொடுத்தாரல்லர். பிறர் நூலுக்கு நேர்மையாக உழைத்து, அவ்வுழைப்பால் வந்த அறிவுகொண்டே நேர்நின்று வாதிட்டார். பரபக்க நெறி என்பது இதுவே. 1864 இல் தில்லையில் அவர் நிறுவிய வித்தியாசாலைக்குப் பின்னே இப்பயிற்சியும் நின்றது.

ஏறக்குறைய அதே காலத்தில் ஆப்பிரிக்காவில் நிகழ்ந்த ஒரு செய்தி இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. நேற்றால் நாட்டு மேற்றிராணியார் கொலென்சோ என்பவர் சூலு மொழியில் விவிலியத்தைப் பெயர்க்குங்கால், வில்லியம் இங்கிடி என்னும் சூலுத் துணைவர் நோவாவின் வெள்ளத்தைப் பற்றிய பகுதியில் நிறுத்தி, இவையெல்லாம் உண்மையோ என்று வினவினார். மேற்றிராணியாரால் உண்மை என்று விடையிறுக்க இயலவில்லை. அவ்வினாவின் தூண்டுதலால் அவர் 1862 இல் வெளியிடத் தொடங்கிய ஆராய்ச்சி நூல் அவரைத் தம் சபையின் தண்டனைக்கே உட்படுத்திற்று. ஏவலாள் என்று கருதப்பட்டவன் ஒரு சொல்லைக் கருத்தோடு கேட்டால் எத்துணை அசைவு நேரும் என்பதற்கு யாழ்ப்பாணமும் நேற்றாலும் இரு சான்றுகள்.

ஆயினும் இரு நிலத்துக்கும் ஒரு பெருவேற்றுமை உண்டு. தமிழ்ச் சொல்லொன்றைப் பாதிரியார் வழுப்பட ஆண்டால், தொல்காப்பியமும் நிகண்டுகளும் திருமுறைகளும் மெய்கண்ட சாத்திரங்களும் சான்றாக எழுந்து நிற்கும். ஏடில்லாத மொழிகளுக்கு அச்சான்று இல்லை. அங்கே மொழியைக் கேட்டு எழுத்தமைத்தவர், இலக்கணம் வகுத்தவர், அகராதி தொகுத்தவர், திருநூலைப் பெயர்த்தவர் பெரும்பாலும் ஒருவரே, அல்லது ஒரே சபையினர். வழக்காடுபவனே சான்றுரைப்பவனும் தீர்ப்பெழுதுபவனும் ஆகின்றான்.

தென்னாப்பிரிக்காவிலும் போட்சுவானாவிலும் வழங்கும் சுவானா மொழியில் மொபட்டு ஐயர் 1857 இல் விவிலியத்தை முற்றுவித்தார். அம்மொழியில் மோதிமோ என்பது இறைவன் பெயர். அதனோடு ஒரே பகுதியிற் பிறந்த பாதிமோ என்பது குடும்பத்தைக் காக்கும் முன்னோரைக் குறிப்பது. அச்சேறிய சுவானா விவிலியத்திற் பேய்கள் வருமிடத்துப் பாதிமோ என்னும் சொல் நின்றது. தென்புலத்தார் என்று தமிழர் போற்றும் பிதிரரைப் பேய் என்று எழுதி, அதனையே திருநூல் என்று சிறார்க்குப் பாடஞ்சொல்வதை எண்ணிப் பார்த்தால் அதன் கொடுமை விளங்கும். போட்சுவானா நாட்டு அறிஞர் மூசா தூபே அம்மையார் 1999 இல் இதனை விரித்தெழுதினார்; அச்சேறிய காலத்துக்கும் அவ்வாராய்ச்சிக்கும் இடையே கழிந்தவை நூற்று நாற்பதுக்கு மேற்பட்ட ஆண்டுகள். மேற்காப்பிரிக்க யொரூபா மொழியிற் செய்தி இன்னும் வருந்தத்தக்கது. அங்கே பெயர்த்தவர் அயலாரல்லர். இளமையில் அடிமையாகப் பிடிபட்டு 1822 இல் மீட்கப்பட்டு, 1864 இல் மேற்றிராணியாரான குரௌதர் என்னும் யொரூபா மகனார். நாற்சந்தியில் நின்று பலிகளைத் தெய்வங்களிடம் கொண்டுசெல்லும் தூதுத்தெய்வமாகிய எஷூவின் பெயரே அவர் வழியில் சாத்தானுக்குப் பெயராயிற்று. தாய்மொழியறிவு ஒன்றே சொல்லைக் காக்கப் போதாது என்பதற்கு இது சான்று.

தமிழ் விவிலியத்திற் பேய், பிசாசு என்பன உண்டு. தென்புலத்தார் அவ்விடத்து எழுதப்படவில்லை. எழுதப்படாமைக்குக் காரணம் பாதிரிமார் ஆப்பிரிக்காவினும் இங்கே அன்புடையராயிருந்தமையன்று. இங்கே நூலும் நூலறிந்தவரும் இருந்தமையே.

இவ்வளவில் ஆராய்ச்சி முடியுமாயின் சைவர்க்கு இனிதாயிருக்கும். முடியவில்லை. தமிழகத்தின் மலைகளில் ஏடில்லா மொழிகள் பல உண்டு. நீலகிரிப் படகர் மொழியில் லூக்கா நற்செய்தி 1890 இலேயே வந்தது. தோடர் மொழியில் மாற்கு நற்செய்தி தமிழ் எழுத்தில் அச்சாயிற்று. எமனோ என்னும் மொழிநூலார் 1935 முதற் சில ஆண்டுகள் அம்மலையில் தங்கிக் கோத்தர் கதைகளையும் தோடர் பாடல்களையும் வாய்மொழியாகக் கேட்டு எழுதினார். தில்லையை அடுத்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து மொழியியலாரும், 1960-களுக்குப் பின், மலைவாழ் மக்களிடஞ் சென்று அவர்தம் மொழிகளுக்கு இலக்கணம் வகுத்தனர். சமயம் பரப்பச் சென்றாரும், மொழி ஆராயச் சென்றாரும் உளர். தோடர் இறைவனை என்ன பெயரால் அழைக்கின்றனர், இருளர் உயிர் என்பதை எச்சொல்லாற் சொல்கின்றனர் என்று கேட்பதற்கென மலையேறிய சைவ மடத்துப் பண்டிதர் எவர்?

மலைவரை செல்லவும் வேண்டா. தில்லைக்குக் கிழக்கே கிள்ளை, பிச்சாவரம் பக்கங்களில் இருளர் வாழ்கின்றனர், பேசுவது தமிழே. வடபுலத்து இருளரோடு அவர் இனத்தார் வழிபடுவது கன்னியம்மனை. இவ்வழிபாட்டுக்குச் சைவப் புத்தகங்களில் உள்ள பெயர் சிறுதெய்வ வழிபாடு என்பது. அப்பெயரை இட்டவர் அம்மக்கள் அல்லர். நாவலரும் உயிர்ப்பலியைக் கடிந்த வேகத்தில் அவ்வழிபாடு முழுவதையுமே கடிந்தார். உயிர்ப்பலியைக் கடிந்தது தகும், ஏனையது தகுமோ என்பது ஆராயத்தக்கது. எத்தெய்வத்தை நினைந்து வழிபடினும் உமையொருபாகனே அவ்வடிவில் நின்று பயனளிப்பன் என்பது சித்தியார்க் கொள்கை. அக்கொள்கையைக் கைக்கொண்டவர், அயலார் தெய்வத்துக்குத் தாமிட்ட பெயரே பெயர் என்று எழுதிவைத்தால், பாதிமோவைப் பேய் என்று எழுதியவரினும் அவர் வேறாதல் எவ்வாறு? பாதிரியாராவது அக்குடிசையின் வாயிலில் இருந்து அச்சொல்லைக் கேட்டு எழுதினார்.

மாசிமகத்தன்று கடலூர்த் தேவனாம்பட்டினக் கடற்கரைக்குப் பல கோயில்களின் மூர்த்திகள் தீர்த்தவாரிக்கு எழுந்தருள்வர். அதே நாளில், அதே கடலின் வடகரையில், மாமல்லபுரத்து மணலில், பல ஊர் இருளரும் கூடிக் கன்னியம்மனை வழிபடுவர். அங்கே அவர் தம் தெய்வத்தை விளிக்கும் சொற்கள் யாவை, அருள் என்பதற்கு அவர் சொல் யாது, தெய்வம் ஒருவர்மேல் வந்திறங்குதலை அவர் எவ்வாறு கூறுகின்றனர் என்பன சித்தாந்த மாணவன் ஒருவன் ஒரு குறிப்பேட்டோடு சென்று இரண்டு மூன்று மகங்களிற் கேட்டு எழுதிவரத்தக்கன.